மவுஸ் வீலுக்கு எந்த வழி: சொந்தமாக எழுதும் டெஸ்க்டாப் கண்ட்ரோல்களுக்கு ஓர் ஒப்பீடு

கிரிட், டைம்லைன், வரைபடப் பலகை என்று எதையாவது நாமே வரைந்து ஒரு கண்ட்ரோலாக எழுதும்போது மவுஸ் வீல் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஸ்க்ரோல்பார் ஓடுகிறது, அம்புக்குறி விசைகள் ஓடுகின்றன, வீலுக்கு நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்த நாலு வரி எழுதியவரின் மேசையில் இருக்கும் மவுஸில் ஒழுங்காகவே ஓடும். அதே நிரலை டச்பேடில் திறந்தவருக்குப் பக்கம் தலைதெறிக்க ஓடும், இல்லையென்றால் அசையவே அசையாது.

முடிவெடுக்க வேண்டியவை மூன்று. ஈவென்டை (வீல் சுற்றியதை நிரலுக்குச் சொல்லும் அறிவிப்பை) எங்கே வாங்குவது, வந்த எண்ணை எப்படி நகர்வாக மாற்றுவது, மேலும் நகர இடமில்லாதபோது அதை யாரிடம் விடுவது. முதலாவது, நீங்கள் எந்த டூல்கிட்டில் (பொத்தான், பட்டியல் போன்றவற்றைத் தரும் நிரல் நூலகத்தில்) எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது எல்லா டூல்கிட்டுக்கும் பொது. பெரும்பாலான பிழைகளும் அங்கேதான் பிறக்கின்றன.

எங்கே வாங்குவது: ஃபோகஸ் உள்ள இடத்திலா, பாயின்டர் நிற்கும் இடத்திலா

விண்டோஸின் பழைய வழக்கப்படி வீல் மெசேஜ் (எண் 522) விசைப்பலகை ஃபோகஸ் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். அந்த விண்டோ கையாளாவிட்டால், இயல்பு விண்டோ புரொசீஜர் அதைத் தாய் விண்டோவுக்கு ஏற்றிவிடும். மேக்ஓஎஸ்ஸிலும், ஜிடிகே, க்யூட்டி, டபிள்யூபிஎஃப் ஆகிய டூல்கிட்களிலும் பாயின்டருக்குக் கீழே எது இருக்கிறதோ அதற்குத்தான் ஈவென்ட் வரும். விண்டோஸ் 10 வந்தபோது, செயலில் இல்லாத விண்டோவின் மேல் பாயின்டர் நின்றாலும் அது ஸ்க்ரோல் ஆகும்படி ஓர் அமைப்பு சேர்ந்தது. பயனர் அதை அணைத்து வைக்கலாம். ஆகவே அதை நம்பி நிரலை வடிவமைக்க முடியாது.

விண்டோஸில் நேரடியாகவோ டாட்நெட்டின் விண்ஃபார்ம்ஸ் டூல்கிட்டிலோ எழுதுகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

ஃபோகஸை அப்படியே நம்புவது முதல் வழி. இதற்கு அதிக வேலையில்லை. ஆனால் உங்கள் கண்ட்ரோல் முதலில் ஃபோகஸ் வாங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். விண்ஃபார்ம்ஸில் பேனலிலிருந்து எடுத்து எழுதிய கண்ட்ரோல் இயல்பாக ஃபோகஸ் வாங்காது. கன்ஸ்ட்ரக்டரில் செலக்டபிள் ஸ்டைலை இயக்கி, மவுஸ் பொத்தான் அழுத்தும் இடத்தில் ஃபோகஸைக் கேட்டு வாங்க வேண்டும். "வீல் ஈவென்டே வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டு வரி இல்லாததுதான். இங்கே ஒரு குறுக்கு வழியும் உலவுகிறது: பாயின்டர் உள்ளே நுழைந்ததுமே ஃபோகஸை இழுத்துக்கொள்வது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். பக்கத்துப் பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் கை மவுஸில் லேசாகப் பட்டாலே பாதி வார்த்தை கிரிட்டுக்குள் போய் விழும். அங்கே ஒற்றை எழுத்துக் குறுக்குவிசை ஏதும் இருந்தால் தரவே மாறிவிடும்.

இரண்டாவது வழி, நிரல் முழுவதற்கும் ஒரு மெசேஜ் ஃபில்டர் (வரிசையில் வரும் மெசேஜ்களை முதலில் பார்க்கும் பகுதி) வைத்து வீல் மெசேஜைப் பாயின்டருக்குக் கீழே உள்ள விண்டோவுக்குத் திருப்பிவிடுவது. இரண்டு மூன்று பலகைகள் அருகருகே இருக்கும் நிரலுக்கு இதுதான் சரி. மெசேஜில் வரும் இடத்தை எடுத்து, அந்தப் புள்ளியில் எந்த விண்டோ இருக்கிறது என்று கேட்டு, அது நம் நிரலுக்குச் சொந்தமானதா என்று பார்த்து, ஆமென்றால் அதற்கு அனுப்பிவிட்டு, மூல மெசேஜைக் கையாண்டதாகச் சொல்ல வேண்டும். கவனம் வேண்டிய இடங்கள் சில உண்டு. அனுப்புவதற்கு செண்ட்மெசேஜைத்தான் பயன்படுத்த வேண்டும். போஸ்ட்மெசேஜ் போட்டால் அது மறுபடி வரிசையில் நுழைந்து அதே ஃபில்டரிடம் திரும்பும், வட்டம் முடியாது. செயலிழக்க வைத்த கண்ட்ரோலை அந்தப் புள்ளித் தேடல் கணக்கில் எடுக்காது, அதனால் மெசேஜ் அதற்குப் பின்னால் இருக்கும் தாய் விண்டோவுக்குப் போகும். பல நேரம் நமக்கு வேண்டியதும் அதுதான், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். கீழ்விரி பட்டியல் திறந்திருக்கும்போதும், ஏதோ ஒரு கண்ட்ரோல் மவுஸைப் பிடித்து வைத்திருக்கும்போதும் திருப்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, கணினி முழுவதற்குமான கீழ்நிலை மவுஸ் ஹுக், அதாவது மவுஸ் அசைவுகளை மற்ற நிரல்களுக்குப் போகும் முன்பே இடைமறிப்பது. ஒரு கண்ட்ரோலுக்காக இதைத் தொடவே வேண்டாம். எல்லா நிரல்களின் மவுஸ் அசைவும் உங்கள் திரெட் வழியாகப் போகும். உங்கள் நிரல் திணறினால் பயனரின் பாயின்டரே திணறும். பதில் தாமதமானால் விண்டோஸ் 7 முதல் ஹுக் சத்தமில்லாமல் கழற்றப்படவும் கூடும், கழன்றது உங்களுக்குத் தெரியவும் வராது.

எந்த வழியில் வாங்கினாலும் இடக்குறியைக் கவனியுங்கள். வழக்கமான மவுஸ் அசைவு, பொத்தான் மெசேஜ்களில் இடம் விண்டோவின் உள்கணக்கில் வரும்; வீல் மெசேஜில் திரைக் கணக்கில் வரும். மாற்றாமல் எடுத்தால், விண்டோ திரையின் இடது மேல் மூலையில் ஒட்டியிருக்கும்வரை ஏறக்குறைய சரியாகத் தெரியும், நகர்த்தியதும் எல்லாம் தள்ளிப்போகும். முதன்மைத் திரைக்கு இடப்புறம் இன்னொரு திரை வைத்திருப்பவருக்கு இந்த எண் எதிர்க்குறியில் வரும். குறியில்லாத எண்ணாகப் பிரித்தால் பாயின்டர் அறுபதாயிரத்துச் சொச்சம் பிக்சல் தள்ளி இருப்பதாகக் கணக்கு சொல்லும்.

டபிள்யூபிஎஃப்பில் வாங்குவது எளிது, ஆனால் பின்னணி ஏதும் கொடுக்காத கண்ட்ரோலின் வெற்றிடத்தில் ஈவென்ட் வராது. பின்னணியை டிரான்ஸ்பரென்ட் என்று வைத்தால் பார்வைக்கு மாற்றமில்லை, ஈவென்ட் வந்துவிடும். ஜிடிகே 3-இல் ஸ்க்ரோல் மாஸ்க்கை (எந்த ஈவென்ட் வேண்டும் என்று சொல்லும் கொடியை) சேர்க்காவிட்டால் ஒன்றுமே வராது, ஸ்மூத் ஸ்க்ரோல் மாஸ்க்கையும் சேர்த்தால்தான் டச்பேடின் நுண்ணளவு கிடைக்கும். ஜிடிகே 4-இல் இதற்கென்றே தனி ஈவென்ட் கண்ட்ரோலர் இருக்கிறது, ஒட்டினால் போதும். ஜாவாவின் ஸ்விங் டூல்கிட்டில் நேர்மாறான சிக்கல். ஸ்க்ரோல்பேனுக்குள் இருக்கும் கண்ட்ரோலில் நீங்கள் ஒரு வீல் லிசனர் சேர்த்த கணமே ஸ்க்ரோல்பேனுக்கு ஈவென்ட் போவது நின்றுவிடும். கன்ட்ரோல் விசையோடு வரும்போது மட்டும் பெரிதாக்கலாம் என்று சேர்த்திருப்பீர்கள், சாதாரண ஸ்க்ரோலும் செத்திருக்கும். உங்களுக்கு வேண்டாத ஈவென்டைத் தாயின் இடக்கணக்குக்கு மாற்றி நீங்களே அனுப்ப வேண்டும்.

வந்த எண்ணை என்ன செய்வது

விரலுக்குக் கடக்கென்று தட்டுப்படுகிற ஒரு படி சுற்றினால் விண்டோஸ் 120 என்று சொல்லும். க்யூட்டியின் ஆங்கிள்டெல்டாவும் 120 என்றே சொல்லும். அங்கே அலகு ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு, வழக்கமான மவுஸில் ஒரு படி 15 பாகை. 1 என்று சொல்லாமல் 120 என்று வைத்ததற்குக் காரணம், படியைவிட நுண்ணிய அசைவைச் சொல்லும் சாதனங்கள் வரும் என்று எதிர்பார்த்ததுதான். அவை வந்தேவிட்டன. நுண்வீல் மவுஸ்களும் டச்பேடுகளும் 120-க்குக் குறைவான எண்களைச் சரமாரியாக அனுப்புகின்றன. லினக்ஸ் கெர்னல் 5.0-இலும், லினக்ஸின் திரை அமைப்பான வேலண்டின் புதிய பாயின்டர் நெறிமுறையிலும் நுண்ணளவுக்கு இதே 120-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் குறி. விண்டோஸில் இந்த எண் குறியுள்ள 16 பிட் எண். குறியில்லாமல் படித்தால் −120 என்பது 65416 ஆகிவிடும். டாட்நெட்டில் மெசேஜை நேரடியாகப் பிரிக்கிறவர்கள் டபிள்யூபாரமை (மெசேஜோடு வரும், வீல் எண்ணைத் தாங்கிய மதிப்பை) 32 பிட் எண்ணாக மாற்றும் மெத்தடை அழைத்தால், 64 பிட் நிரலில் மேல்நோக்கிச் சுற்றும்வரை நன்றாக ஓடும், கீழ்நோக்கிச் சுற்றியதும் ஓவர்ஃப்ளோ பிழையில் விழும். 64 பிட்டாக எடுத்து, 16 பிட் வலப்புறம் தள்ளி, குறியுள்ள 16 பிட்டாகச் சுருக்க வேண்டும்.

இனி நகர்வு. உங்கள் கண்ட்ரோலில் ஒரு படிக்கு 3 வரி நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டச்பேடில் விரல் மெல்ல நகர்கிறது, 8, 8, 8 என்று 15 ஈவென்ட்கள் வருகின்றன. மொத்தம் 120, அதாவது ஒரு படி. நியாயமாக 3 வரி நகர வேண்டும்.

குறியை மட்டும் பார்க்கும் வழியில், எண் நேர்க்குறியா எதிர்க்குறியா என்று மட்டும் பார்த்து ஒவ்வொரு ஈவென்டுக்கும் 3 வரி நகர்த்துவார்கள். 15 ஈவென்டுக்கு 45 வரி. பக்கம் பறப்பது இதனால்தான்.

120-ஆல் வகுக்கும் வழியில் ஒவ்வொரு முறையும் 8 ÷ 120, முழு எண்ணில் 0. பதினைந்து முறையும் 0. அசையவே அசையாத கண்ட்ரோல் இதுதான். ஆவணத்தைப் படித்து ஒழுங்காக எழுதியவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள், அதுதான் வருத்தம்.

மீதத்தைச் சேர்த்து வைக்கும் வழியில், கையாளப்படாத பகுதியை அடுத்த ஈவென்டுக்கு எடுத்துச் செல்கிறோம் (டெல்டா என்பது ஈவென்டில் வந்த எண்):

மீதம் = மீதம் + டெல்டா × ஒரு படிக்கான வரிகள்
நகர்வு = மீதம் ÷ 120, முழு எண் பகுதி மட்டும்
மீதம் = மீதம் − நகர்வு × 120

8 × 3 = 24. ஐந்தாவது ஈவென்டில் மீதம் 120-ஐத் தொடுகிறது, ஒரு வரி நகர்கிறது. பத்தாவதில் இன்னொன்று, பதினைந்தாவதில் மூன்றாவது. முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு வகுப்பதைக் கவனியுங்கள். வரிசையை மாற்றி, டெல்டாவை மட்டும் சேர்த்து 120 ஆனதும் 3 வரி நகர்த்தினாலும் மொத்தம் சரியாகத்தான் வரும். ஆனால் பதினான்கு ஈவென்டுக்கு அசையாமல் கிடந்து பதினைந்தாவதில் மூன்று வரி குதிக்கும். விரலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

இந்த முறையிலும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முழு எண் பகுதியை எடுக்கும்போது பூஜ்யத்தை நோக்கி வெட்ட வேண்டும். சி, சி++, சி ஷார்ப், ஜாவா ஆகியவற்றின் வகுத்தல் அப்படித்தான் வெட்டும். பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டு வகுத்தல் கீழ்நோக்கி வெட்டும், −24-ஐ 120-ஆல் வகுத்தால் −1 கிடைக்கும். மொத்தக் கணக்கு தவறாது, ஆனால் ஒரு பக்கம் தொட்டவுடன் நகரும், மறுபக்கம் ஐந்து ஈவென்ட் காத்திருக்கும். அடுத்தது, திசை மாறும்போது மீதத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். வரி முழுமையாகச் சற்றே குறைவாக 110 மீதம் நிற்கும்போது பயனர் திசை திருப்பினால், அந்தப் பழைய 110-ஐ முதலில் தீர்த்தாக வேண்டும். அதுவரை கண்ட்ரோல் அசையாது, சக்கரம் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். பாயின்டர் வேறு கண்ட்ரோலுக்குப் போய்த் திரும்பினாலும் பழைய மீதத்தைத் தூக்கிப் போடுங்கள்.

பிக்சல் பிக்சலாக நகரத் தெரிந்த கண்ட்ரோலானால் வரிக்கணக்கே வேண்டாம். டெல்டா × வரிகள் × வரி உயரம் ÷ 120 என்று பின்ன எண்ணில் கணக்கிட்டு, ஸ்க்ரோல் இடத்தையும் பின்ன எண்ணாகவே வைத்து, வரையும்போது மட்டும் முழு எண்ணாக்குங்கள். புதிதாக எழுதத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். வரி வரியாக மட்டுமே நகரக்கூடிய பழைய கண்ட்ரோலைத் திருத்துபவருக்கு மேலே சொன்ன மீதக் கணக்கு.

சில டூல்கிட்கள் பிக்சல் எண்ணையே தருகின்றன. மேக்ஓஎஸ்ஸில், துல்லிய டெல்டா உண்டா என்ற பண்பு ஆம் என்றால் வரும் எண் அப்படியே நகர்வு. இல்லையென்றால் அது வரிக்கணக்கு, வரி உயரத்தால் பெருக்க வேண்டும். 10.7 முதல் இந்தப் பண்பு இருக்கிறது. இதைப் பார்க்காமல் எப்போதும் பெருக்கினால், வரி உயரம் 20 என்றால் டச்பேடில் இருபது மடங்கு வேகம் வரும். க்யூட்டியில் பிக்சல்டெல்டாவும் உண்டு, ஆனால் லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் அது நம்பகமில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆங்கிள்டெல்டாவை அடிப்படையாக வைத்து, மேக்கில் மட்டும் பிக்சல்டெல்டாவை எடுப்பது பாதுகாப்பு. ஸ்விங்கில் முழு எண் தரும் மெத்தடை விட்டு, ஜாவா 7-இல் வந்த துல்லியச் சுழற்சி மெத்தடை எடுங்கள்.

ஒரு படிக்கு 3 வரி என்பதை நிரலில் எழுதி வைக்காதீர்கள். அது இயல்பு மதிப்பு மட்டுமே. பயனர் மாற்றியிருக்கலாம், கணினியிடம் கேளுங்கள். விண்டோஸில் அந்த மதிப்பு 0 என்றால் நகரக் கூடாது. மிகப்பெரிய குறியில்லா எண் வந்தால் ஒரு படிக்கு ஒரு பக்கம் என்று பொருள். விண்ஃபார்ம்ஸில் அதே செய்தி −1 என்று வரும். அதை அப்படியே பெருக்கினால் ஸ்க்ரோல் தலைகீழாக ஓடும். ஒரு பக்கம் என்றால் தெரியும் வரிகளில் ஒன்று குறைத்து நகர்த்துங்கள், படித்த இடம் கண்ணில் நிற்கும்.

திசைக்குறி டூல்கிட்டுக்கு டூல்கிட் மாறும். விண்டோஸிலும் க்யூட்டியிலும் பயனரிடமிருந்து விலகிச் சுற்றினால் நேர்க்குறி, ஸ்விங்கிலும் ஜிடிகேயிலும் எதிர்க்குறி. கிடைமட்டத்தில் விண்டோஸின் மெசேஜ் (எண் 526, விஸ்டா முதல்) வலப்பக்கத்தை நேர்க்குறியாகச் சொல்லும், க்யூட்டி அதைத் திருப்பிச் சொல்லும். விண்ஃபார்ம்ஸிலும் டபிள்யூபிஎஃப்பிலும் இதற்கு ஈவென்டே இல்லாததால் விண்டோ மெசேஜைத்தான் நேரடியாகப் பிடிக்க வேண்டும்.

ஓரம் தட்டினால் யாரிடம் விடுவது

ஸ்க்ரோல் ஆகும் படிவத்துக்குள் ஸ்க்ரோல் ஆகும் பட்டியல். பட்டியல் அடியைத் தொட்டுவிட்டது, பயனர் இன்னும் சுற்றுகிறார். உள்ளே இருப்பதே விழுங்கிவிட்டால் படிவம் நகராது, பயனர் மாட்டிக்கொள்வார். டபிள்யூபிஎஃப்பின் ஸ்க்ரோல்வியூவர் இயல்பில் இப்படித்தான், ஓரத்தில் நின்றாலும் கையாண்டதாகக் குறித்துவிடும். ஓரம் தொட்டதுமே தாயிடம் விட்டால், பட்டியலின் கடைசி வரியைப் பார்க்க மட்டும் சுற்றியவருக்குப் படிவமே நகர்ந்து கையை விட்டுப் போய்விடும். விண்ஃபார்ம்ஸில் கையாண்டதைக் குறிக்க, வரும் ஆர்கியூமென்ட்டை ஹேண்டில்டுமவுஸ்ஈவென்ட்ஆர்க்ஸ் ஆக மாற்றிக் கொடி ஏற்ற வேண்டும். மறந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நகரும். க்யூட்டியில் இக்னோர் அழைத்தால் தாய்க்குப் போகும், அக்செப்ட் அழைத்தால் நிற்கும்.

இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் நல்ல வழி: சுற்றத் தொடங்கியபோது யார் நகர்ந்தாரோ, சுற்றி முடியும்வரை அவருக்கே எல்லா ஈவென்டும். ஒரு சிறு இடைவெளி விட்டு மறுபடி சுற்றும்போது உள்ளே இடமில்லையென்றால் அப்போது தாய்க்குக் கொடுங்கள். தொடக்கமும் முடிவும் மேக்கில் ஃபேஸ் பண்பில் தெரியும், க்யூட்டியிலும் சில தளங்களில் கிடைக்கும். சாதாரண மவுஸில் அப்படி எதுவும் வராது, டைமர்தான். 300 முதல் 500 மில்லிவினாடிக்குள் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எண்பெட்டியும் கீழ்விரி பட்டியலும் தனிக் கவனம் கேட்பவை. நீண்ட படிவத்தை ஸ்க்ரோல் செய்யும்போது பாயின்டர் ஓர் எண்பெட்டியின் மேல் வந்து நின்றால் மதிப்பு மாறிவிடும், பயனருக்குத் தெரியவும் தெரியாது. சேமித்த பிறகுதான் தவறு தெரியும். இதை வசதிக்குறைவு என்று ஒதுக்க முடியாது, தரவு கெடுகிறது. ஃபோகஸ் இருந்தால் மட்டும் மதிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஈவென்டைத் தாயிடம் விடுங்கள். க்யூட்டியில் ஃபோகஸ் பாலிசியை வீல்ஃபோகஸிலிருந்து ஸ்ட்ராங்ஃபோகஸுக்கு மாற்றுவது மட்டும் போதாது, ஃபோகஸ் இல்லாதபோது இக்னோர் செய்யும் வரியும் வேண்டும்.

பெரிதாக்கல் வேறு கணக்கு

கன்ட்ரோல் விசையோடு வீல் வந்தால் பெரிதாக்குவது வழக்கம். மேலே 10 சதவீதம் கூட்டி, கீழே 10 சதவீதம் குறைத்தால் 1.1 × 0.9 = 0.99, பழைய அளவுக்குத் திரும்ப முடியாது. 1.1-ஐ, டெல்டா ÷ 120 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பெருக்குங்கள். மேலும் கீழும் சரியாக ஈடாகும், 8, 8 என்று துண்டாக வந்தாலும் பதினைந்து முடிந்ததும் 1.1 மடங்கே வரும், மீதம் வைக்கவே தேவையில்லை. பாயின்டருக்குக் கீழே இருந்த புள்ளி அங்கேயே நிற்க, புதிய ஸ்க்ரோல் இடம் = (பழைய ஸ்க்ரோல் இடம் + பாயின்டர் இடம்) × விகிதம் − பாயின்டர் இடம்.

விசை அழுத்தியிருக்கிறதா என்பதை ஈவென்டோடு வரும் கொடியில் பாருங்கள், விசைப்பலகையைத் தனியே கேட்காதீர்கள்; ஈவென்ட் தாமதமாகக் கையாளப்பட்டால் அதற்குள் விசை விடுபட்டிருக்கும். மேக்கில் இன்னொரு பொறி உண்டு: விரலை எடுத்த பிறகும் உந்துவிசை ஈவென்ட்கள் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பயனர் வேறு எதற்கோ விசையைத் தொட்டால் பக்கம் திடீரென்று பெரிதாகும். தொடக்கத்தில் எந்த வேலையோ, முடியும்வரை அதுவே என்று பூட்டி வையுங்கள்.

வழுக்கிச் செல்லும் அனிமேஷன் வேண்டுமானால், புது ஈவென்ட் வரும்போது தூரத்தை இலக்கோடு கூட்டுங்கள், தற்போதைய இடத்தோடு கூட்டினால் வேகமாகச் சுற்றும்போது பாதித் தூரம் தொலைந்துவிடும். துல்லிய டெல்டா தரும் சாதனத்துக்கு அனிமேஷனே வேண்டாம்.

நகர்த்தி முடித்ததும் பாயின்டருக்குக் கீழே எந்த வரி வந்திருக்கிறது என்று நீங்களே மறுபடி கணக்கிட வேண்டும். மவுஸ் அசையவில்லை, உள்ளடக்கம்தான் அசைந்தது, அதனால் மவுஸ்மூவ் வரும் என்று நம்ப முடியாது. ஹைலைட் பழைய வரியோடு மேலே போய்விட்டிருக்க, பயனர் சொடுக்கும்போது வேறு வரி தேர்வாகும். டூல்டிப் திறந்திருந்தால் அதையும் அப்போதே மூடுங்கள்.

சோதிக்கக் கையில் எல்லாச் சாதனமும் இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஹேண்ட்லருக்கு 15 முறை 8, பிறகு 15 முறை −8, பிறகு ஒரே ஈவென்டில் 360, பிறகு 110-ஐத் தொடர்ந்து −120 என்று செயற்கையாக அனுப்பிப் பாருங்கள். முதல் இரண்டும் முடிந்ததும் தொடங்கிய வரியிலேயே நிற்க வேண்டும். 360-க்கு ஒரே வரைதலில் 9 வரி நகர வேண்டும், 3 வரி மட்டும் நகர்ந்தால் எங்கோ இன்னும் குறியை மட்டும் பார்க்கிறீர்கள். கடைசி இணையில், 110-க்கு 2 வரி போய், −120-க்கு முழுதாக 3 வரி திரும்ப வேண்டும். 2 வரி மட்டும் திரும்பினால் திசை மாற்றத்தில் மீதம் பூஜ்யமாகவில்லை.